பந்துச் சத்தம் நின்றபோது

1997, பிப்ரவரி மாதம். நியூஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சருக்கு நாங்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவர் தினமும் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போவார். அவருக்கு வேலை பார்க்க எச்-1 விசா, மனைவி என்பதால் எனக்கு எச்-4. அந்த விசாவில் வந்து வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சமைக்கலாம், துவைக்கலாம், கார் ஓட்டலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது.

நான் திருச்சியில் சிவில் இன்ஜினீயரிங் படித்து, நான்கு வருடம் சைட்டில் வெயிலில் நின்றவள். அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் என் பித்தளைத் தூக்குக்குண்டையும் பெட்டியில் வைத்தேன். சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்தக் குண்டு. இது அங்கே எதற்கு என்று கணவர் சிரித்தார். இரண்டு வருடம் அது அலமாரியில் சும்மா கிடந்தது.

எங்கள் ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரத்துக்கு மகளைக் கூட்டிப் போனபோது ஓர் அமெரிக்கப் பெண்மணி பழக்கமானார். ஓய்வு பெற்ற டீச்சர். ஒரு மணி நேரத் தொலைவில், பைன் மரக் காட்டுப் பக்கம், அந்தக் காலத்துப் பணக்காரர் ஒருவரின் எஸ்டேட் இருக்கிறதென்றும், அதன் பின்புறம் ரியல் டென்னிஸ் கோர்ட் ஒன்று பாழடைந்து கிடக்கிறதென்றும் சொன்னார். இன்றைய டென்னிஸுக்கு மூதாதையான ஆட்டம் அது. நான்கு சுவருக்குள்ளே, கூரைக்குக் கீழே ஆடுவது. சுவரில் பட்டு வரும் பந்தையும் அடிக்கலாம். அவரும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து அதைப் புதுப்பிக்க நிதிக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். அதற்கு முன் யாராவது கட்டடத்தை அளந்து ஒரு வரைபடம் போட்டுத் தர வேண்டும்.

"நான் போட்டுத் தருகிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சம்பளம் கிடையாது, வெறும் உதவிதான். ஆனாலும் கணவரிடம் சொல்லவில்லை. காரணம் இருந்தது. அப்போது எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் முதல் படியில் நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமை விருந்துகளில் நாங்கள் கூடினால் வேறு பேச்சே கிடையாது. அங்கே ஓர் அங்கிள், எல்லா விசாவுக்கும் தானே சட்டம் எழுதியவர் போல், "எச்-ஃபோர்ல இருந்துக்கிட்டு லைப்ரரில சும்மா புக்கு அடுக்கினாகூட வேலைன்னு எழுதிடுவான். ஃபைல் அதோட க்ளோஸ்" என்று சொல்லியிருந்தார். அன்று இரவே கணவர், எதிலும் தலையைக் கொடுத்துவிடாதே என்று என்னிடம் கெஞ்சாத குறை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போலீஸ் கார் பின்னால் வந்தால்கூட நாங்கள் ரேடியோவை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவோம். ஒரு பார்க்கிங் அபராதம் வந்தபோது அது ஃபைலில் ஏறுமா என்று மூன்று பேரிடம் விசாரித்தோம்.

ஆகவே ரகசியமாகக் கிளம்பினேன். ஒரு வியாழக்கிழமை. அன்று பார்த்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று மகளின் பள்ளிக்கு விடுமுறை. ஐந்து வயதுக்காரியை வேறு எங்கே விடுவது? கூடவே கூட்டிப் போனேன். அவளுக்கு வீசிங் உண்டு. குளிரும் தூசியும் சேர்ந்தால் இழுக்கும். இன்ஹேலரைக் கைப்பையில் போட்டேன், நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கைப்பையை காரிலேயே விட்டதும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கையில் டேப்பும் தூக்குக்குண்டும் காகிதங்களும், இன்னொரு கையில் குழந்தை. ஒரு மணி நேர வேலைதானே என்று நினைத்தேன்.

எஸ்டேட்டின் பெரிய வீட்டை ஒரு தேவாலயத்தார் தியான இல்லமாக நடத்திவந்தார்கள். வார நாளில் ஆள் நடமாட்டமே இல்லை. காரை முன்னால் நிறுத்திவிட்டு, பனியை ஒதுக்கி வைத்திருந்த ஒற்றையடிப் பாதையில் மரங்களுக்கு நடுவே இருநூறு கஜம் நடந்தோம். டீச்சர் அன்று வெளியூர் போயிருந்தார். காவலாளியிடம் சொல்லிக் காலையில் கதவைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்திருந்தார். திறந்துதான் இருந்தது. காவலாளியைக் காணவில்லை. காணாததில் எனக்கு நிம்மதி.

வாசலை ஒட்டிய சின்ன அறையில், ஏழைகளுக்குக் கொடுக்கச் சேகரித்த பழைய குளிர் உடுப்புகள் பெட்டி பெட்டியாக இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். அப்பா, என்ன ஒரு இடம்! கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் சுவரோடு சாய்ந்த மரத் தாழ்வாரம் ஓடியது. நடுவில் தொய்ந்துபோன வலை. தரை மட்டும் நூறு வருடத்துக்கு அப்புறமும் ஒரு விரிசல் இல்லாமல் கிடந்தது. என்ன கலவையோ, யார் போட்டார்களோ, அப்படி ஒரு தரையை நான் எந்த சைட்டிலும் பார்த்ததில்லை. பனிச் சேறு ஒட்டிய பூட்ஸோடு அதை மிதிக்க எனக்கு மனம் வருமா? நம் வழக்கம்தான். இருவர் பூட்ஸையும் கழற்றி, உடுப்புப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே போனோம்.

மகளுக்கு ஒரே கொண்டாட்டம். தரையில் கிடந்த கோடுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டினாள். பெஞ்சுக்கு அடியில் துணி சுற்றிக் கையால் தைத்த பழைய பந்து ஒன்றைக் கண்டுபிடித்து, சுவரில் எறிந்து பிடித்து விளையாடினாள். நான் நீளம், அகலம், தாழ்வாரத்தின் சரிவு எல்லாம் எடுத்தேன். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி ஆடி நிற்பதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் மறுபடியும் நானாக இருந்தேன்.

பிறகு பக்கத்தில் இருந்த உடை மாற்றும் அறையை அளக்கப் போனேன். கட்டடத்தில் எல்லா ஜன்னலும் உடைந்து, வெளியிலிருந்து பலகை அடித்திருந்தார்கள். இந்த அறையில் மட்டும் ஒரே ஒரு ஜன்னல் பிழைத்திருந்தது. ஒரே கண்ணாடி. அதில் குறுக்காக வைத்த இரண்டு மட்டைகள் வண்ணத்தில் வரையப்பட்டிருந்தன. டீச்சர் முன்பே எச்சரித்திருந்தார்: பழைய ஜன்னல் கண்ணாடி அது ஒன்றுதான் மிச்சம், அதில் சாயக்கூடச் சாயாதே, விண்ணப்பத்தில் அதைத்தான் முதலில் காட்டப் போகிறோம்.

அந்த அறையில் டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றபோது வாசல் பக்கம் ஓர் ஆண் குரல் கேட்டது. "ஹலோ? எனிபடி ஹியர்?"

நான் பதில் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வந்தவர் நீ யார், இங்கே என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது? வேலை என்ற சொல்லே எனக்குப் பயம். போய்விடட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் அப்போது பந்தை விட்டுவிட்டு, கோர்ட்டின் மறுகோடியில் சாக்ஸோடு கோடு தாண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பொத்தென்று ஒரு சத்தம். போய்விட்டார் என்று மேற்கொண்டு அளந்தேன்.

அரை மணி நேரம் கழித்து முடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. வெளிப்பக்கம் சங்கிலி. உடுப்புப் பெட்டிகள் இல்லை. எங்கள் பூட்ஸும் இல்லை. இரண்டு ஜோடி பழைய பூட்ஸை யாரோ தானமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவர் எடுத்துப் போய்விட்டார். அவரைச் சொல்ல முடியுமா? பிப்ரவரிக் குளிரில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஒரு பெண் சாக்ஸோடு சுற்றுவாள் என்று எந்த அமெரிக்கருக்குத் தோன்றும்?

முதலில் சிரிப்புதான் வந்தது. கதவைத் தட்டினேன். கத்தினேன். மறுபக்கக் கதவை இழுத்தேன், பலகை அடித்த ஜன்னல்களைத் தள்ளினேன். எதுவும் அசையவில்லை. கையில் போன் கிடையாது. கையில் போன் வைத்திருந்தவர்கள் அப்போது எங்கள் வட்டத்தில் ஒருவர்கூட இல்லை. கணவருக்கு நான் வீட்டில் இல்லை என்பதே தெரியாது. டீச்சர் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார். இதை எல்லாம் மனதில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே மகள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, மை செஸ்ட் இஸ் டைட்."

குனிந்து காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மெல்லிய விசில். நூறு வருடத் தூசியில் ஒன்றரை மணி நேரம் ஓடி விளையாடியிருக்கிறாள், காலில் வெறும் சாக்ஸ். என் கோட்டைக் கழற்றி அவளுக்குச் சுற்றி, சுவரோரம் நிமிர்த்தி உட்காரவைத்தேன். ஓடாதே, பேசாதே, மெதுவாக மூச்சு விடு, அம்மா இதோ வந்துவிடுகிறேன் என்றேன். பந்தைக் கையில் கொடுத்தேன். அவள் உட்கார்ந்தபடியே எதிரில் இருந்த தூணில் அதை உருட்டி அடித்து, திரும்பி வருவதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டப், டப் என்று அந்தச் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது.

நான் உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். வழி அது ஒன்றுதான். அந்த ஜன்னலை உடைத்தால் வெளியே குதித்துவிடலாம், இருநூறு கஜத்தில் கார், காரில் கைப்பை, கைப்பையில் இன்ஹேலர். தூக்குக்குண்டை நூலோடு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன்.

நின்றேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

உடைத்தால் அலாரம் அடிக்குமோ? போலீஸ் வந்தால்? அடுத்தவர் கட்டடத்தில் புகுந்து கண்ணாடியை உடைத்தவள் என்று எழுதிக்கொள்வார்களோ? கைரேகை எடுப்பார்களோ? ஃபைல் அதோடு க்ளோஸ் என்ற அந்த அங்கிளின் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. கணவரின் முகம் வந்தது. அவருடைய இத்தனை வருட உழைப்பு வந்தது. ஊரில் எங்களை நம்பி வாங்கிய கடன் வந்தது. யாராவது இந்தப் பக்கம் வரமாட்டார்களா, இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போம் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடம் போனது. இன்னொன்று என்று நினைத்தேன். பந்துச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது, சத்தம் கேட்கும்வரை அவள் சரியாகத்தான் இருக்கிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிடமோ, ஏழு நிமிடமோ. கடிகாரம் பார்க்கத் தைரியம் இல்லை.

டப். கொஞ்சம் இடைவெளி. டப். இன்னும் நீண்ட இடைவெளி.

அப்புறம் சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாக ஓங்கியது. ஒரே அடி. மட்டைகள் இரண்டும் சிதறின. ஓடிப்போய்ப் பார்த்தால், மகள் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, தோள் ஏறி இறங்க, மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். பந்து எட்டாத தூரத்துக்கு உருண்டு கிடந்தது. போய் எடுக்க அவளிடம் தெம்பு இல்லை. உதட்டில் ஒரு நீலம். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பினாள்.

அவளைக் கோட்டோடு அள்ளி, ஜன்னல் வழியாக வெளியே பனியில் இறக்கி, நானும் குதித்தேன். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்தது அப்போது தெரியவே இல்லை. உப்புமூட்டையாக முதுகில் தூக்கிக்கொண்டு பனியில் சாக்ஸோடு ஓடினேன். என் கழுத்தருகே அவள் மூச்சு வருகிறதா, வருகிறதா என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். முருகா, முருகா என்று மட்டும் சொன்னதாக நினைவு. கோட்டுப் பையிலிருந்து எடுத்த கார் சாவி மூன்றாவது முறைதான் பூட்டில் நுழைந்தது.

இன்ஹேலரில் இரண்டு முறை. காத்திருந்தேன். மறுபடி இரண்டு. ஹீட்டரை முழுதாகத் திருப்பி, கால்களைத் தேய்த்துவிட்டேன். பத்து நிமிடத்தில் உதட்டின் நிறம் திரும்பியது. அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, யூ ப்ரோக் தி விண்டோ?"

ஆமாம் என்றேன். அப்போதுதான் அழுதேன்.

எழுதுவதென்றால் முழுவதும் எழுத வேண்டும். அழுது முடித்ததும் என் கை கியருக்குப் போனது. யாரும் பார்க்கவில்லை, கிளம்பிவிடலாம் என்றது புத்தி. அந்த நிமிடத்திலும் அந்தப் புத்திதான். அதற்குள் எதிரே ஒருவர் ஓடி வந்தார், காவலாளிதான். பருத்த உடம்பு, ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் என் பூட்ஸ், மறு கையில் மகளின் பூட்ஸ். பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது குட்டி பூட்ஸ் ஒன்று இன்னும் ஈரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். அதன் அடியில் ஒட்டியிருந்த பனி அப்போதுதான் உருகிக்கொண்டிருந்ததாம். கூப்பிட்டேனே, கூப்பிட்டுப் பார்த்தேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் ரத்தக் கையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். ஜன்னலைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் ஒரு சொல் சொல்லவில்லை. பூட்ஸை வாங்கிக்கொண்டேன். மகளை அங்கிருந்து நேரே டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

மாலையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எதுலயாவது சைன் பண்ணினியா?"

கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "ச்சே, என்ன மனுஷன் நான்" என்று முகத்தை மூடிக்கொண்டார். அவருக்குச் சமாதானம் சொல்லும் யோக்கியதை எனக்கு ஏது? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் போன் செய்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்பதைத்தான் நான்கு விதமாகக் கேட்டார். பிறகு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று சரியாகப் பார்க்காமல் பூட்டிய காவலாளியை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்றார். சும்மா இருந்தால் என் பக்கம் யாருமே திரும்பப் போவதில்லை.

"அவர் கூப்பிட்டார்" என்றேன். "எனக்குக் கேட்டது. நான்தான் பயந்துபோய் பதில் சொல்லவில்லை."

எதற்குப் பயம் என்று கேட்டார் டீச்சர். உண்மையாகவே புரியாமல் கேட்டார். வெறும் பயம் என்றேன். மறுநாள் அதையே ஒரு தாளில் எழுதி, என் பெயரும் விலாசமும் போட்டு, கையெழுத்தும் போட்டு அந்தத் தேவாலயத்தாருக்கு அனுப்பினேன். அமெரிக்கா வந்த பிறகு நான் வக்கீலைக் கேட்காமல் போட்ட முதல் கையெழுத்து அது. காவலாளிக்கு வேலை போகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. போலீஸ் வரவில்லை, ஃபைலில் எதுவும் ஏறவில்லை. வரைபடத்தை முடித்துக் கொடுத்தேன். விண்ணப்பத்தில் அந்த ஜன்னலுக்கு நேரே, அவசரத்தில் உடைக்கப்பட்டது என்று மட்டும் டீச்சர் எழுதினார்.

2001-இல் கிரீன் கார்டு வந்தது. கையில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் இருந்த தழும்பை அது முழுதாக மறைக்கவில்லை. அந்த வருடமே ஒருமுறை அந்தப் பக்கம் போனோம். கோர்ட் இன்னும் பூட்டியே கிடந்தது. நிதி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது, இன்னும் காத்திருக்கிறோம் என்றார் டீச்சர். நான் உடைத்த இடத்தில் பலகை அடித்திருந்தார்கள்.

மகள் இப்போது வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். தோழிகள் வீட்டுக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். அம்மா ஒரு செகண்டுகூட யோசிக்கவில்லை, ஒரே அடியில் கண்ணாடியை உடைத்துவிட்டாள் என்று சொல்லி என் தோளில் சாய்ந்துகொள்வாள். நான் காபி கலக்கிற சாக்கில் உள்ளே எழுந்து போய்விடுவேன். பந்துச் சத்தம் நின்ற பிறகுதான் என் கை எழுந்தது என்பதை ஒருநாள் அவளிடம் சொல்லத்தான் வேண்டும். இப்போதைக்கு, அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில்தான் இதை இங்கே எழுதியிருக்கிறேன்.